பென்னி வைத்த ஊசி

ஹேண்ட்ஸ்வொர்த், பர்மிங்ஹாம்
13 ஜனவரி 1974

அன்புள்ள இசில்டா அக்காவுக்கு,

நான் நலம். குளிர்தான் தாங்கவில்லை. இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அதனால் தொழிற்சாலைக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கரண்ட். மற்ற நாளெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து உன்னைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

பியூசி எழுதியிருக்கிறான். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "உங்க அக்கா சனிக்கிழமையானா மீன் தராச வச்சிட்டு எரிகோ செட்டு முன்னாடி வந்து நிக்கிறாங்கடா. தலையில துணியக் கட்டிக்கிட்டு இசைத்தட்டுல ஊசிய அவங்களே வைக்கிறாங்க. ஊரே சிரிக்குது." அவன் சூறாவளி பாட்டு செட்டின் சொந்தக்காரன். ஒரே ஊரில் இரண்டு செட் இருந்தால் நட்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

ஊசி வைத்துக்கொண்டிருந்த செல்வின் கனடா போனதும் நம் எரிகோ செட்டைத் தார்ப்பாய் போட்டு மூடு என்றுதானே எழுதினேன்? ஊசி வைக்க ஆள் இல்லை என்றால் செட் இல்லை. நீ போய் நிற்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ரம் குடித்தவர்கள், கத்தி வைத்திருப்பவர்கள், போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் நடுவில் பெண்பிள்ளை நின்ற செட் ஒன்று நம் தீவில் எங்கே இருக்கிறது? பியூசி ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப், வயர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். கொடுத்துவிடலாம் அக்கா. நான் திரும்பி வரப்போவதில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கப்பலில் அனுப்பிய ரெக்கார்டு பிளேயர் வந்து சேர்ந்திருக்கும். அதை வீட்டில் வைத்துக்கொள். அது எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் பிளேயருக்குக் கை செய்கிறோம், ஊசியைத் தாங்கும் அந்த நீளக் கம்பி. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய சின்ன அறை ஒன்று உண்டு. ஒருநாள் போர்மன் என்னை அங்கே உட்காரவைத்து ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். முதலில் ஊசியை மட்டும் மாற்றினார், உருண்டை முனைக்குப் பதில் முட்டை வடிவ முனை. கிடார்காரனின் விரல் கம்பியில் வழுக்குவது கேட்டது. பிறகு ரப்பர் சக்கரம் தேய்த்து ஓட்டும் பிளேயரை எடுத்துவிட்டு, பெல்ட்டில் ஓடும் பிளேயரை வைத்தார். அடியில் எப்போதும் கேட்கும் ஓர் உறுமல் நின்றுபோனது. அது பாட்டில் இருக்கிறது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். கடைசியில் கையை மாற்றினார், எடை குறைந்த கை. பாடகன் வரிக்கு முன்னால் மூச்சு இழுத்தது கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. நாம் இத்தனை நாள் பாட்டைக் கேட்கவே இல்லை, இயந்திரத்தைத்தான் கேட்டிருக்கிறோம்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே வருவதற்கு முந்தைய வாரம் கிங்ஸ்டனில் நான் பாடிய தட்டை அந்தப் பழைய பிளேயரில் போடாதே. அது கடையில் விற்கும் தட்டு அல்ல. அலுமினியத் தகட்டில் அரக்குப் பூசி வெட்டியது, வெண்ணெய் மாதிரி. ஒவ்வொரு தடவை போடும்போதும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது. செட்டைப் பியூசிக்குக் கொடு, தட்டை எனக்கு அனுப்பு.

உன் தம்பி,
எவரால்டு


ஓல்டு ஹார்பர் பே
27 ஜனவரி 1974

தம்பி எவரால்டுக்கு,

உன் கடிதமும் வந்தது, உன் பெட்டியும் வந்தது. பெட்டியைப் பற்றி முதலில் சொல்கிறேன். அதுதான் இரண்டில் மரியாதையாக வந்து சேர்ந்தது.

அழகான பிளேயர். மூடியைத் திறந்து பார்த்த லாசெல்ஸ், "இதுல பாட்டு போடவா, இல்ல இதக் கட்டிக்கவா?" என்று கேட்டான். மைக் பிடிக்கிறவன் வாய் உனக்குத் தெரியுமே. நீ வீட்டில் வைத்துக்கொள் என்றாய். நல்ல பொருளைப் பூட்டி வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. நேற்று மிஸ் எனிட் லான் மைதானத்தில் ஆட்டம். தகரவேலிக்குள் ஊரே இருந்தது. உன் பிளேயரைத்தான் வைத்தேன்.

ஒரு பக்கம் நன்றாகவே ஓடியது. மறுபக்கம் திருப்ப வேண்டும். செட்டுக்கு ஒரு பிளேயர்தான். திருப்புகிற நேரத்தில் லாசெல்ஸ் மைக்கில் பேசிக் கூட்டத்தைப் பிடித்து வைப்பான். பழைய பிளேயரில் விசையைத் தட்டினால் போதும், தட்டு உதைத்துக்கொண்டு கிளம்பும். உன் பெல்ட் மகாராணி கண் விழித்து, சோம்பல் முறித்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் வரி முழுக்கக் குடிகாரன் குரல். லாசெல்ஸ் இருந்த பேச்சையெல்லாம் பேசித் தீர்த்து, தன் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். மாமியார் கூட்டத்தில்தான் இருந்தாள். வேலிப் பக்கத்திலிருந்து எவனோ கத்தினான்: "அக்கா, அதுக்கு ஒரு டம்ளர் காப்பி குடுங்க, எந்திரிக்கட்டும்!"

அதோடு விட்டதா? அடித்தொனி பேஸைத் திறந்தேன். உன் முட்டை வடிவ ஊசி நண்டு மாதிரி தட்டின் குறுக்கே ஓடியது. இன்னும் திறந்தேன். எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து ஓர் ஊளை விட்டன, பக்கத்து வீட்டு நாய்கள் பதில் சொல்லின. மானம் கப்பலேறியது. நீ அனுப்பிய அதே கப்பல்.

பழைய பிளேயரைத் தூக்கி வைத்தேன். ஊசித் தலைமேல் பழைய பென்னிக் காசு ஒன்றை ஒட்டினேன். டாலர் வந்தபிறகு அந்தப் பென்னியை எந்தக் கடையிலும் வாங்குவதில்லை, இதற்காவது உதவட்டும். அப்புறம் விடியும்வரை ஊசி அசையவில்லை. நீ உறுமல் என்று சொன்னாயே, அந்த உறுமல் மண்ணுக்குள் இறங்கிக் காலில் ஏறியது. அது குறையாம், பர்மிங்ஹாமில் கம்பள அறையில் இருக்கிறவர்கள் சொல்கிறார்கள். இங்கே அதற்குத்தான் ஆடுகிறார்கள்.

விற்பதைப் பற்றி: முடியாது. ஊர் சிரிக்கிறதாம். சிரிக்கிறவர்கள் உள்ளே வந்துதானே சிரிக்கிறார்கள்? செல்வின் இருந்தபோது வந்ததைவிட இப்போது கூட்டம் அதிகம். பெண்பிள்ளைகள் அதிகம். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள், தெரியுமா? அங்கே நின்றால் எவனும் கையைப் பிடித்து இழுக்கமாட்டான். மீன் வெட்டுகிற கத்தி இடுப்பில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

உன் தட்டை அனுப்பமாட்டேன். அதில் நீ என்ன பாடியிருக்கிறாய் என்று மறந்துபோயிருந்தால் எழுதுகிறேன். பியூசி, "எரிகோ, எக்காளம் ஊதுனதும் மதிலு விழுந்த ஊருடா, பைபிள்லயே இருக்கு" என்று கேலி பண்ணினானே, அதற்குப் பதிலாகப் பாடினாய்:

"விழுந்த ஊருன்னு விரல நீட்டாதே,
மதிலு நாங்க இல்லடா, மதில ஊதித் தள்ளுன எக்காளம்!
எங்கள அணைக்க வர்றவன் மூச்சுத்தான் அணையும்!"

தட்டில் இருக்கிற நீ ஒன்று சொல்கிறாய், தாளில் இருக்கிற நீ இன்னொன்று சொல்கிறாய். நான் தட்டில் இருக்கிறவன் பேச்சைத்தான் கேட்பேன். அவனுக்கு முதுகெலும்பு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமல் போனதா?

அக்கா


பர்மிங்ஹாம்
9 பிப்ரவரி 1974

அக்கா,

பெல்ட்டின் மேல் என்ன தப்பு? சேற்றில் மேசையைப் போட்டு, அதன்மேல் பிளேயரை வைத்துவிட்டு, பிளேயரைத் திட்டுகிறாய். பேஸ் எங்கே போகிறது என்று நினைத்தாய்? பெட்டியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மேசைக் காலுக்கு, அங்கிருந்து பிளேயருக்கு, கடைசியில் ஊசிக்கு. ஊசி அதையும் பாட்டு என்று நினைத்து மறுபடி பெட்டிக்கு அனுப்பும். அதுதான் ஊளை. அடியில் சிமெண்ட் பலகை போட்டாயா? பலகைக்கு அடியில் சைக்கிள் டியூப் வைத்தாயா? தட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு வைத்தாயா, இல்லை அந்தப் பழைய சாக்குத் துணியா? ஒன்றும் செய்திருக்கமாட்டாய்.

அதற்குப் பதில் பென்னி! பென்னியை வைத்தால் ஊசி ஓடாது, சரி. உழும். பள்ளத்தின் இரண்டு சுவரையும் இடித்துக்கொண்டு போகும். குரலின் மேல் பாகம், அந்த 'ஸ்' சத்தம், மூச்சு, எல்லாம் முதலில் போகும். அப்புறம் ஒருநாள் எடுத்துப் பார்த்தால் கடல் இரைச்சல்தான் இருக்கும்.

கூட்டம் வருகிறது என்கிறாய். புதுமை பார்க்க வருகிறார்கள். ஆட்டுக்கு இரண்டு தலை இருந்தாலும் வருவார்கள்.

நான் பியூசிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஈஸ்டருக்குள் வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்வான். ஆம்ப் நான் கட்டியது, பெட்டி நான் அறுத்தது, பெயர் நான் வைத்தது. நாளைக்கு எரிகோ கேவலப்பட்டால் அது என் பெயர். கோபித்துக்கொள்ளாதே, மீன் பிடிக்கிற கை வேறு, ஊசி பிடிக்கிற கை வேறு.

எவரால்டு


ஓல்டு ஹார்பர் பே
21 பிப்ரவரி 1974

எவரால்டு,

அந்த மீன் பிடிக்கிற கை வெட்டிப்போட்ட மீனில்தான் உன் முதல் பெட்டிக்குப் பலகை வந்தது. இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை வருஷம் இருந்தேன். சொல்லவைத்துவிட்டாய்.

உன் பியூசி செவ்வாய்க்கிழமை வந்தான். வண்டி, மூன்று ஆள், கயிறு. நான் பெரிய பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மீன் செதில் சீவிக்கொண்டிருந்தேன். "இறங்குங்க மிஸ் இசில்டா, தம்பி குடுத்த வாக்கு" என்றான். "வாக்கு பர்மிங்ஹாம்ல இருக்கு, பெட்டி இங்க இருக்கு. அங்க போயி அத வாங்கிக்க" என்றேன். பெட்டியோடு என்னையும் தூக்குங்கள் என்று ஆட்களிடம் சொன்னான். என்னைப் பார்த்தார்கள், கத்தியைப் பார்த்தார்கள், கயிற்றைச் சுருட்டினார்கள்.

அப்புறம் வாசலில் கூடிவிட்ட கூட்டத்துக்கு முன்னால் நானே சொன்னேன்: "ஈஸ்டர் திங்கள், மிஸ் எனிட் லான். உன் செட்டு ஒரு பக்கம், என் செட்டு ஒரு பக்கம். நீ ஜெயிச்சா எரிகோவ நானே உன் வண்டியில ஏத்துறேன். நான் ஜெயிச்சா இந்த வாசப்படியில கால் வைக்கக் கூடாது." பியூசி சிரித்தான். பிறகு ஒத்துக்கொண்டான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய்.

சிமெண்ட் பலகையும் சைக்கிள் டியூபும் போட்டுப் பார்த்தேன். ஊளை நின்றுவிட்டது. அதற்காக உன்னோடு ராசியாகிவிட்டதாக நினைக்காதே.

இசில்டா


பர்மிங்ஹாம்
10 மார்ச் 1974

அக்கா,

கரண்ட் திரும்பி வந்துவிட்டது. வாரம் முழுக்க வேலை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன்.

உன்னை நிறுத்த முடியாது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் கேள். பியூசியின் பெட்டிகள் பெரியவை. நீ சொக்க வைக்கிற தட்டு போடும்போது அவன் தன் பேஸைத் திறந்து உன் ஊசியைத் துள்ளவைப்பான். நாங்கள் இருவரும் சேர்ந்தே மற்ற செட்டுகளுக்கு இதைச் செய்திருக்கிறோம். பிளேயரை அவன் பக்கம் காட்டாதே. மிஸ் எனிட் வீட்டுச் சுவருக்குப் பின்னால் வை. ரப்பர் சக்கரத்தை ஆட்டத்துக்கு முன் சாராயத்தில் துடை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வழுக்கும், பாட்டு இழுத்துக்கொண்டு போகும். தட்டுகளின் ஒட்டுத்தாளை எல்லாம் சுரண்டிவிடு. என்ன பாட்டு என்று அவன் ஆள் எட்டிப் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றையும் போடு. என் தட்டை மட்டும் போடாதே.

ஏன் என்று இதுவரை சொல்லவில்லை. இங்கே வந்ததிலிருந்து நான் பாடவில்லை. தொழிற்சாலையில் உலோகத் தூசி, குளிர், இருமல். போன மாதம் சர்ச்சில் பாட வாய் திறந்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் யாருக்கும் நான் பாடுகிறவன் என்று தெரியாது. சொன்னால் நம்பமாட்டார்கள். எனக்கே சில நாள் நம்பிக்கை இல்லை. அந்தத் தட்டுதான் சாட்சி. அது போனால் நான் பாடினதே பொய்யாகிவிடும்.

புது ஊசி ஒன்று அனுப்பியிருக்கிறேன், பஞ்சில் சுற்றி. போட்டே ஆக வேண்டும் என்றால் புது பிளேயரில், இந்த ஊசியில், பென்னி இல்லாமல், ஒரே ஒரு தடவை. சத்தியம் பண்ணு.

எவரால்டு


ஓல்டு ஹார்பர் பே
31 மார்ச் 1974

தம்பி,

ஊசி வந்தது. சர்ச்சுக்குப் போகாமல் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, புது பிளேயரைச் சிமெண்ட் பலகைமேல் வைத்து, உன் தட்டைப் போட்டேன். சத்தம் குறைவாக. லாசெல்ஸும் கூட இருந்தான், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில்.

உண்மையைச் சொல்கிறேன். பாட்டுக்கு முன்னால் நீ ஏதோ சொல்வது கேட்டது. மறுபடியும் வைத்தேன், அந்தத் துளி இடம் மட்டும். "அக்கா, கதவச் சாத்து" என்கிறாய். அன்றைக்குக் கிங்ஸ்டனில் நீ பாடிய அறை வாசலில் நான் மீன் கூடையோடு நின்றது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தெருவில் பஸ் சத்தம் என்று கதவைச் சாத்தச் சொன்னாய். சாத்தினேன். அந்தக் கதவு மூடுகிற சத்தம்கூடத் தட்டில் இருக்கிறது. அப்புறம் மூச்சு இழுக்கிறாய். அப்புறம்தான் பாட்டு. ஐந்து வருஷமாக எப்போதாவது அந்தத் தட்டைக் கேட்கிறேன், இதெல்லாம் உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது. லாசெல்ஸ் நிபந்தனையை மீறாமல் மூக்கைச் சிந்தினான்.

நீ சொன்னது சரி. இந்த ஊசி நல்ல ஊசி. ஆனால் இது அறைக்கான ஊசி. கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறதற்கு.

ஒரே ஒரு தடவை, இதே ஊசியில், பென்னி இல்லாமல். சத்தியம். அதுவும் வேறு வழியே இல்லை என்றால் மட்டும்.

இருமலுக்கு இஞ்சியும் தேனும் போட்டுக் குடி. இங்கிலாந்து மருந்தை நம்பாதே.

அக்கா


தந்தி
ஓல்டு ஹார்பர், 16 ஏப்ரல் 1974

எரிகோ நிற்கிறது. தட்டு போய்விட்டது. கடிதம் பின்னால்.
இசில்டா


ஓல்டு ஹார்பர் பே
17 ஏப்ரல் 1974

எவரால்டு,

தந்தியைப் படித்துவிட்டு நீ என்னை என்ன சொல்லித் திட்டினாய் என்று எனக்குத் தெரியும். திட்டி முடித்துவிட்டு இதைப் படி.

இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஸ்பானிஷ் டவுனிலிருந்து லாரியில் வந்திறங்கினார்கள். வேலிக்கு வெளியே ஆட்டுத்தலைச் சூப்பும் வறுத்த மீனும் மரவள்ளிக்கிழங்குப் பாமி அடையும் இருட்டுவதற்குள் தீர்ந்துவிட்டன. சுவருக்குப் பின்னால் வை என்று நீ சொன்னாயே, பியூசிக்கும் அந்தச் சுவர் தெரியும். காலையிலேயே வந்து அங்கே தன் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டான். நான் திறந்த வெளியில், அவனுடைய பெட்டிகளுக்கு நேர் எதிரே. பழைய பிளேயர் ஒரு பலகையில். புதியது பக்கத்தில் இன்னொரு பலகையில், உன் தட்டுக்காக மட்டும், துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

அவன் ஒன்று, நான் ஒன்று. அவன் ஒன்று, நான் ஒன்று. அவனிடம் கிங்ஸ்டனில் அந்த வாரம் வெட்டிய தட்டுகள் இருந்தன. நான் போட்டதெல்லாம் பழசு. லாசெல்ஸ் தொண்டை கிழியப் பேசினான். நடுவராக நின்ற மிஸ் எனிட் கடைசிச் சுற்று என்று கையைத் தூக்கியபோது கூட்டம் பாதிக்கு மேல் அவன் பக்கம் நகர்ந்திருந்தது. அவன் மைக்கில் சொன்னான்: "மீன் நாறுது! எரிகோவ நாளைக்குக் கழுவித்தான் வண்டியில ஏத்தணும்!"

வேறு வழி இல்லை என்றால்தான் என்று சத்தியம் பண்ணினேன். வேறு வழி இல்லை. துணியை எடுத்தேன். உன் தட்டை வைத்தேன், உன் ஊசியில், பென்னி இல்லாமல். நீ "விழுந்த ஊருன்னு" என்று எடுத்தாய். உன் குரலைக் கேட்டதும் பியூசிக்கு யார் என்று தெரிந்துவிட்டது. உன்னோடு சேர்ந்து செய்ததையே உனக்குச் செய்தான். பேஸை முழுக்கத் திறந்தான். பலகை தாங்கியது, டியூப் தாங்கியது, காற்று நேராக வந்து ஊசியை அடித்தது. ஊசி துள்ளியது. எடுத்து வைத்தேன். "விழுந்த, விழுந்த, விழுந்த" என்றே நின்றது. நீயே உன் வாயால் விழுந்த விழுந்த என்று சொல்கிறாய், எவரால்டு! கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "எரிகோ விழுந்துச்சு!" என்று அவன் பக்கத்தில் தகரவேலியைத் தட்டினார்கள்.

லாசெல்ஸ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. தட்டைத் தூக்கிப் பழைய பிளேயரில் வைத்தேன். ஊசித் தலைமேல் ஒரு பென்னி இருந்தது, அதன்மேல் இன்னும் இரண்டு வைத்து ஒட்டினேன். சத்தியத்தை உடைக்கிறோம் என்று தெரிந்துதான் செய்தேன்.

அப்புறம் பேஸைத் திறந்தேன். அந்த உறுமல், நீ வேண்டாம் என்ற அந்த உறுமல், முதலில் கிளம்பியது. அதன்மேல் உன் குரல். பியூசி தன்னால் முடிந்ததெல்லாம் செய்தான், ஊசி நகரவில்லை. "மதிலு நாங்க இல்லடா" என்ற இடத்தில் ஜனங்கள் வேலியை அடிக்க ஆரம்பித்தார்கள். முன்னால் ஒரு பெண், அப்புறம் ஒரு பக்கம் முழுக்க, அப்புறம் நாலு பக்கமும். "மறுபடி! மறுபடி!"

மறுபடி என்றால் ஊசியைத் தூக்கி முதலிலிருந்து போட்டே ஆக வேண்டும். போடாத செட் செத்த செட். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. போட்டேன். மறுபடி என்றார்கள். போட்டேன். ஊசிக்கடியில் கறுப்புத் தூள் சுருள் சுருளாக வருவதை நானே பார்த்தேன், ஊதிவிட்டுப் போட்டேன். உன் 'ஸ்' போனது. மூச்சு போனது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் உன் குரல் மணலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகி, அப்புறம் மணல் மட்டும்தான். ஆனால் பாட்டு நிற்கவில்லை, எவரால்டு. லான் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வரி மனப்பாடம் ஆகியிருந்தது. லாசெல்ஸ் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு சும்மா நின்றான்.

மிஸ் எனிட் கையைக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. பியூசி தன் வயரைத் தானே பிடுங்கினான். போகும்போது என் பக்கம் வந்து, "அவன் குரல்ல என்னையே அடிச்சிட்டீங்களே" என்றான். "அவன் அதுக்குத்தான் பாடுனான்" என்றேன்.

தட்டை இதோடு அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். அதைப் பூட்டிவைத்து, நீ பாடினதற்குச் சாட்சி என்று நீ மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். இப்போது ஓல்டு ஹார்பர் முழுக்கச் சாட்சி. நேற்று காலையில் மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் முணுமுணுத்தார்கள்.

இன்னொன்று பாடி அனுப்பு.

இசில்டா


பர்மிங்ஹாம்
12 மே 1974

அக்கா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் இருந்ததை நீ படிக்காமலிருப்பதே நல்லது.

தட்டு வந்ததும் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய், கம்பள அறையில், எங்களிடம் இருப்பதிலேயே நல்ல கையில், நல்ல ஊசியில் போட்டேன். ஏதாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. பொரிகிற சத்தம்தான். போர்மன் எட்டிப் பார்த்து, "என்னப்பா இது, மீன் வறுக்கிறாயா?" என்று கேட்டார். "எங்க அக்கா வறுத்தது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமி, அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆகிவிட்டது.

பியூசிக்கு எழுதிவிட்டேன். என் வாக்கு செல்லாது, எரிகோ இசில்டாவுடையது, வேண்டுமானால் அவளிடம் பேசிக்கொள், கத்தி இல்லாத நேரமாகப் பார்த்துப் போ என்று.

இங்கே ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல் அரக்குத் தட்டு வெட்டுகிற ஆள் இருக்கிறான், பார்படோஸ்காரன். நேற்று போனேன். பழைய பாட்டைப் பாடிப் பார்த்தேன், அந்த உயரத்துக்குக் குரல் போகவில்லை. கீழே இறங்கிப் பாடினேன். கரகரவென்று வருகிறது, ரப்பர் சக்கரம் மாதிரி. அந்த ஆள், "இருமல் நின்னதும் வா" என்றான். "நிக்காது, வெட்டு" என்றேன். புது வரி போட்டிருக்கிறேன். மூன்று பென்னியைப் பற்றி ஒரு வரி, பெட்டிமேல் ஏறி உட்கார்ந்த பெண்பிள்ளையைப் பற்றி ஒரு வரி. நடுவில் ஓர் இடத்தில் இருமினேன், அதையும் விட்டுவிட்டேன். ஜனங்கள் அந்த இடத்தில் சேர்ந்து இருமினாலும் இருமட்டும்.

தட்டு இந்தப் பார்சலில் இருக்கிறது. ஒட்டுத்தாள் இல்லை, நானே சுரண்டிவிட்டேன். வேறு பிரதி எடுக்கவில்லை. எடுத்துத் தருகிறேன் என்று அவன் சொன்னான், வேண்டாம் என்றேன்.

முதல் தடவை மட்டும் வீட்டில், புது பிளேயரில், புது ஊசியில் போட்டுக் கேள். லாசெல்ஸை வெளியே அனுப்பிவிடு. பாட்டுக்கு முன்னால் உனக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். மெதுவாகத்தான் சொன்னேன், மற்ற ஊசியில் அது கேட்காது. இந்தத் தடவை கதவை நானே சாத்தினேன்.

அப்புறம் லானுக்கு எடுத்துக்கொண்டு போ. பழைய பிளேயரில் வை, பென்னியை ஒட்டு. மறுபடி என்று எத்தனை பேர் கேட்டாலும் போடு. தேயட்டும். தேய்ந்ததும் தந்தி கொடு.

உன் தம்பி,
எவரால்டு